குடிலுக்கு விதைத்த கேழ்வரகு

அந்த வருஷம் எங்கள் வீட்டில் யாரும் என்னிடம் எதுவும் கேட்க மாட்டார்கள். சாப்பிட்டாயா என்றுகூடக் கேட்பதில்லை. கழுவி வைத்த தட்டைப் பார்த்துத் தெரிந்துகொள்வார்கள். டிசம்பர் பிறந்தபோது எனக்கு எட்டாம் மாதம் தொடங்கியிருந்தது. முதல் பிள்ளை வயிற்றுக்குள்ளேயே அசைவை நிறுத்திக்கொண்டதும் ஓர் எட்டாம் மாதத்தில்தான். அது நடந்து ஒன்றரை வருஷம்கூட ஆகியிருக்கவில்லை. அதனால் ராசிபுரத்து வாடகை வீட்டில் நான், என் கணவர், அவருடைய அம்மாவான என் அத்தை மூன்று பேரும் ஈரத் தரையில் நடப்பது போலவே நடந்துகொண்டிருந்தோம்.

முதல் தடவை அப்படி இல்லை. நான் எல்லாமே செய்தேன். ஐந்தாம் மாதமே தொட்டில் வாங்கியாயிற்று. என் கணவர் நாமக்கல்லில் லாரி பாடி கட்டும் பட்டறையில் பெயிண்டர். லாரியின் நெற்றியில் பெயர் எழுதுவது, பின் கதவில் பூப்போடுவது எல்லாம் அவர்தான். அவர் எங்கள் படுக்கையறைச் சுவரில் வாத்துக் கூட்டம் ஒன்று வரைந்தார். லாரிக்கே வரைந்து பழகிய கை என்பதால் வாத்துகள் எல்லாம் திருஷ்டி பொம்மை போல் முழித்தன. அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தோம். ஏழாம் மாதம் வளைகாப்பு நடந்தது. இரண்டு கை நிறையக் கண்ணாடி வளையல். அந்த வளையல்களை ஒவ்வொன்றாகச் சோப்புப் போட்டுக் கழற்றியது சேலத்து ஆஸ்பத்திரியில் ஒரு நர்ஸ். அதற்குக் கொஞ்ச நேரம் முன்னால்தான் டாக்டரம்மா ஸ்கேன் திரையைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டிருந்தார்.

பெண் குழந்தை. பார்க்கிறீர்களா என்று கேட்டார்கள். வேண்டாம் என்றேன். அத்தை பார்த்தார், என் கணவர் பார்த்தார். எங்கள் கோயில் கல்லறைத் தோட்டத்தில் ஓரமாக அடக்கம் செய்துவிட்டு வந்தார்கள். யாருடைய தவறும் இல்லை என்று டாக்டரம்மா சொன்னார். யார்மீதாவது கோபப்பட முடிந்திருந்தால் எனக்கு வசதியாக இருந்திருக்கும். நான் வீட்டுக்குத் திரும்பிய போது வாத்துகள் இல்லை. கையில் இருந்த லாரிப் பெயிண்ட்டை என் கணவர் எடுத்து மேலே அடித்துவிட்டிருந்தார். அந்தச் சுவர் மட்டும் கரும்பச்சையாக மினுங்கிக்கொண்டிருந்தது.

இரண்டாம் தடவை எதையும் செய்வதில்லை என்று நான் முடிவு எடுத்ததாகச் சொல்ல முடியாது. அது தானாக வந்து உட்கார்ந்தது. கையின் மேலேயே படுத்துத் தூங்கி எழுந்தால் கொஞ்ச நேரம் கை நம்முடையது இல்லாதது போல் இருக்குமே, அப்படி ஒன்று மனசுக்கு வந்திருந்தது. வலியில்லை, பயமில்லை, சந்தோஷமும் இல்லை. நாள் தள்ளியிருக்கிறது என்று தெரிந்த அன்று டீ குடித்துவிட்டு வேலைக்குப் போனேன். ஜவ்வரிசி செய்யும் ஒரு சேகோ ஆலையின் ஆபீசில் கம்ப்யூட்டர் முன்னால் உட்காரும் வேலை. ஆறாம் மாதம் டாக்டரம்மா ஓய்வு வேண்டும் என்றதும் லீவு போட்டேன். வளைகாப்பு வேண்டாம் என்றேன். அத்தை சரி என்றார். ஏன் என்று கேட்கவில்லை.

என் அம்மா போனில் மட்டும்தான் வருவார். நாமக்கல் பக்கம் ஒரு கிராமத்தில் எங்களுக்குக் கடலைக் காடும் குச்சிக்கிழங்குக் காடும் உண்டு. நான் கிறிஸ்தவப் பையனைக் கட்டிக்கொண்டு ஞானஸ்நானமும் வாங்கிக்கொண்டதிலிருந்து அப்பா என்னோடு பேசுவதில்லை. அவர் காட்டுக்குப் போன நேரம் பார்த்து அம்மா கூப்பிடுவார். நன்றாக இருக்கிறாயா, இருக்கிறேன், சரி வைக்கிறேன். அவ்வளவுதான் பேச்சு. அந்த வருஷம் எனக்கு அதுவே போதுமானதாக இருந்தது.

எங்கள் கோயில் அடுத்த தெருவில். சின்னக் கோயில்தான். ஞாயிறு பூசைக்கு ஃபாதர் வேறு ஊரிலிருந்து பைக்கில் வருவார். கிறிஸ்துமஸுக்கு முன்னால் வருகிற நான்கு ஞாயிறுகளும் சேர்ந்தது திருவருகைக் காலம். பீடத்துத் துணி ஊதா, ஃபாதரின் உடை ஊதா. பூ அலங்காரம் குறைந்துவிடும், பூசைப் பாட்டுகளில்கூட ஒன்றைக் குறைத்துவிடுவார்கள். கல்யாணம் காட்சி என்று பெரிதாக எதுவும் வைத்துக்கொள்ள மாட்டார்கள். கல்யாணமாகி வந்த புதிதில் எனக்கு இது ஒன்றுதான் அந்நியமாகத் தெரியவில்லை. எங்கள் வீட்டிலும் மார்கழியில் நல்ல காரியம் எதையும் தொடங்க மாட்டார்கள், தை பிறக்கட்டும் என்பார்கள். இந்தப் பக்கமும் அதே மாதம், அதே குளிர், அதே காத்திருப்பு என்று நினைத்துக்கொண்டேன்.

முதல் ஞாயிறு, வாரத்துக்கு ஒன்றாக ஏற்றும் நான்கு மெழுகுவத்தி வளையத்தில் முதலாவதை ஏற்றிவிட்டு ஃபாதர் பிரசங்கம் வைத்தார். காத்திருப்பது என்றால் பஸ் ஸ்டாண்டில் உட்கார்ந்து ரோட்டைப் பார்ப்பது இல்லை என்றார். விருந்துக்கு ஒறம்பரை வருகிறார்கள் என்றால் சும்மாவா இருக்கிறோம், வாசலைக் கூட்டுகிறோம், மாவு ஆட்டி வைக்கிறோம், பாயை உதறிப் போடுகிறோம், அதுபோல உள்ளத்தைத் தயார் செய்யுங்கள் என்றார். எல்லோரும் தலையாட்டினார்கள். எனக்கு மட்டும் எழுந்து நின்று சொல்ல வேண்டும் போல் இருந்தது. நான் வாசலைக் கூட்டினேன் ஃபாதர், மாவு ஆட்டினேன், சுவரில் வாத்துகூட வரைந்தோம், ஒறம்பரை வரவில்லை. தயார் செய்தவள் அந்தத் தொட்டிலை என்ன செய்ய வேண்டும் என்று உங்கள் புஸ்தகத்தில் எழுதியிருக்கிறதா. எழுந்திருக்கவில்லை. எட்டாம் மாத வயிற்றோடு அவ்வளவு சீக்கிரம் எழுந்துவிடவும் முடியாது. வீட்டுக்கு வரும் வழியில் அத்தை, ஃபாதர் நன்றாகப் பேசினார் என்று ஆரம்பித்தார். பிறகு என் முகத்தைப் பார்த்து, கொத்தமல்லித் தழை வாங்க வேண்டும் என்று முடித்தார்.

டாக்டரம்மா ஒரே ஒரு வேலை கொடுத்திருந்தார். மத்தியானம் சாப்பிட்ட பிறகு இடது பக்கமாகப் படுத்துக் குழந்தையின் அசைவை எண்ண வேண்டும். இரண்டு மணி நேரத்துக்குள் பத்து வந்தாக வேண்டும். வராவிட்டால் யோசிக்காமல் கிளம்பி வந்துவிட வேண்டும். நான் எண்ணினேன். விரல் விட்டு எண்ணினால் நடுவில் மறந்துவிடுகிறது என்று அத்தை கொடுத்திருந்த செபமாலையை எடுத்துக்கொண்டேன். பத்துப் பத்து மணியாகக் கோத்திருப்பது அதற்குத் தோதாக இருந்தது. ஒரு உதைக்கு ஒரு மணி தள்ளுவேன். பத்தாவது மணி வந்ததும் மாலையைச் சுருட்டித் தலையணைக்குக் கீழே வைத்துவிட்டுத் தூங்கிவிடுவேன். ஜெபம் ஒன்றும் சொல்வதில்லை. அத்தை கதவு வழியாகப் பார்த்துவிட்டு, மருமகள் செபமாலை சொல்கிறாள் என்று டிவியின் சத்தத்தைக் குறைத்துவிடுவார். ஏமாற்றுகிறோமே என்று இருக்கும். ஆனால் திருத்தவில்லை.

இரண்டாம் ஞாயிறு எல்லோரும் ஃபாதரிடம் பாவசங்கீர்த்தனம் செய்தார்கள். நானும் வரிசையில் நின்றேன். முறை வந்ததும் என்ன பாவம் செய்தேன் என்று யோசித்துப் பார்த்தேன். ஒன்றும் நினைவுக்கு வரவில்லை. எனக்கு எதுவுமே தோன்றவில்லை ஃபாதர், நல்லதும் தோன்றவில்லை கெட்டதும் தோன்றவில்லை, குழந்தைமேல்கூட ஒன்றும் தோன்றவில்லை என்றேன். அவருக்கு என் கதை தெரியும். அடக்கத்தில் மண் போட்டவர் அவர்தானே. தொண்டையைச் செருமிக்கொண்டு, எல்லோருக்கும் சொல்லும் மூன்று செபங்களையே எனக்கும் சொல்லி அனுப்பினார். திட்டாவது திட்டியிருக்கலாம் என்று இருந்தது.

அன்று மத்தியானம்தான் அத்தை கேழ்வரகை எடுத்து வந்தார். கோயிலில் கிறிஸ்துமஸ் குடில் கட்டும்போது தரைக்கு நிஜப் பயிர் வைப்பது எங்கள் பக்கத்து வழக்கம். தட்டில் மண் பரப்பி அதில் கேழ்வரகைத் தூவி வளர்த்தால் பத்து நாளில் புல்வெளி மாதிரி வந்துவிடும். அதன்மேல்தான் ஆடு, மாடு, இடையர் சுரூபங்களை நிறுத்துவார்கள். வருஷா வருஷம் இந்தப் பயிர் எங்கள் வீட்டுப் பொறுப்பு. அத்தைதான் மொட்டை மாடியில் வளர்ப்பார். போன வருஷக் கிறிஸ்துமஸின் போது நான் கட்டிலை விட்டு எழவே இல்லை. பயிர் எப்போது வளர்ந்தது, எப்போது கோயிலுக்குப் போனது என்று ஒன்றும் தெரியாது. இந்த முறை என்னிடம் கொடுத்தார்.

"ஒக்காந்த எடத்துலயே செய்யலாஞ்சாமி. உனக்கும் பொழுது போகும்."

என் கணவர் பட்டறையிலிருந்து துண்டுப் பிளைவுட்டில் ஓரம் வைத்து ஆறு தட்டு அடித்துக் கொண்டுவந்தார். நான் மண்ணைச் சலித்துப் பரப்பி, ராத்திரி முழுக்க ஊறிய கேழ்வரகைத் தூவி, மேலே எருத்தூளைப் போட்டேன். அதற்குப் பிறகு எதற்கும் யாரையும் கேட்கவில்லை. எனக்குத்தான் தெரியுமே. எங்கள் ஊர் மாரியம்மன் நோம்பிக்கு வருஷா வருஷம் முளைப்பாரி போடுவோம். பத்து வயதிலிருந்து அம்மாவோடு கூடமாட நின்று செய்திருக்கிறேன். சாமான் போடும் அறையை ஒழித்து, ஜன்னலுக்குச் சாக்குக் கட்டினேன். ஆறு தட்டையும் உள்ளே வரிசையாக வைக்கச் சொல்லி, மேலே குச்சி நட்டுக் கறுப்புப் போர்வையைப் போட்டு மூடினேன். காலையும் மாலையும் கதவை ஒருக்களித்து உள்ளே போய், இருட்டிலேயே கையால் தடவித் தண்ணீர் தெளித்துவிட்டு வருவேன். வேறு யாரும் வரக் கூடாது, பார்க்கக் கூடாது என்று சொல்லிவிட்டேன்.

இன்றைக்கு நினைத்தால் எனக்கே சிரிப்பு வருகிறது. வேறொரு வருஷமாக இருந்திருந்தால் அத்தை முதல் நாளே உள்ளே புகுந்து, இதென்னடி கூத்து என்று போர்வையை உருவியிருப்பார். அவருடைய வாய்க்குத் தெருவே பயப்படும். ஆனால் அந்த வருஷம் என்னிடம் கேள்வி கேட்பதில்லை என்று ஒரு சட்டம் இருந்ததே. மூடி வைத்திருக்கிறாளா, வைக்கட்டும். பார்க்கக் கூடாது என்கிறாளா, பார்க்க வேண்டாம். முளைத்துவிட்டதா என்று மட்டும் ஒருநாள் கேட்டார். ம் என்றேன்.

நான்காம் ஞாயிறு சாயங்காலம் கோயிலில் குடில் வேலை தொடங்கியது. தட்டுகளை எடுத்துப் போக என் கணவர் வந்தார். நான் போர்வையை விலக்கினேன். முளைத்திருந்ததில் ஒரு குறையும் சொல்ல முடியாது. ஒரு சாண் உயரம், நெருக்கமாக, ஒன்றுபோல, எலுமிச்சம்பழ நிறத்தில் நின்றது. எங்கள் ஊரில் இப்படி ஒரு முளைப்பாரி வந்திருந்தால் கோயிலைச் சுற்றி வரும்போது முதல் வரிசையில் நிற்க வைப்பார்கள். அத்தை குனிந்து பார்த்தார். நிமிர்ந்து என்னைப் பார்த்தார். மறுபடி குனிந்தார்.

"ஏஞ்சாமி, இதென்ன மஞ்சக்காமாலை வந்தாப்புல இருக்குது?"

சொன்ன கையோடு நாக்கைக் கடித்துக்கொண்டார். பிள்ளைத்தாச்சி முன்னால் வியாதியின் பெயரைச் சொல்லிவிட்டோமே என்று. இது இப்படித்தான் இருக்க வேண்டும் என்று நான் சொன்னேன். வெளிச்சம் பட்டால் பச்சையாகிவிடும், பச்சையானால் குற்றம், மஞ்சளாக இருந்தால்தான் அம்மனுக்கு ஏற்றது என்று எனக்குத் தெரிந்ததை எல்லாம் சொன்னேன். சொல்லிக்கொண்டிருக்கும்போதே எனக்கு விஷயம் விளங்கிவிட்டது. மாரியம்மனுக்கு விதைக்கிற மாதிரி இயேசு பாலனுக்கு விதைத்திருக்கிறேன். என் கணவர் சமாதானமாக, தொழுவந்தானே, வைக்கோல் என்று வைத்துக்கொள்ளலாம் என்றார். அத்தை அவரை ஒரு முறை முறைத்தார். பிறகு வாயைப் பொத்திக்கொண்டு சிரிக்க ஆரம்பித்தார். தோள் குலுங்கச் சிரித்தார். கண்ணில் நீர் வந்துவிட்டது. அந்த வீட்டில் சிரிப்புச் சத்தம் கேட்டு ரொம்ப நாளாகியிருந்தது. எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஆனால் வெட்கமாக இருந்தது. ஒன்றரை வருஷத்தில் எனக்குள் தலைகாட்டிய முதல் உணர்ச்சி அந்த வெட்கம்தான் என்று இப்போது தோன்றுகிறது.

கிறிஸ்துமஸுக்கு இன்னும் மூன்று நாள் இருந்தது. மொட்டை மாடியில் வெயிலில் வைத்தால் பச்சை ஏறிவிடும் என்று அத்தை சொன்னார். திங்கட்கிழமை காலை என் கணவர் பட்டறைக்குப் போகும் முன்னால் ஆறு தட்டையும் மேலே கொண்டுபோய் வைத்தார். நான் படியேறக் கூடாது. அத்தையின் கையைப் பிடித்துக்கொண்டு மெதுவாக ஏறிவிட்டேன். ஏறக் கூடாது என்று அவரும் சொல்லவில்லை. ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைப் போட்டுக்கொண்டு தட்டுகளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

இருட்டில் வளர்ந்த பயிருக்குச் சட்டென்று வெயில் ஆகாது. துவண்டு சாயும். அதனால் முதலில் அரை நிழல், பிறகு கொஞ்சம் வெயில், மறுபடி நிழல் என்று காலாலேயே தட்டுகளை நகர்த்திக்கொண்டிருந்தேன். கையில் அள்ளித் தண்ணீர் தெளித்தேன். சாய்ந்த பயிருக்கு ஈர்க்குச்சி முட்டுக் கொடுத்தேன். பதினோரு மணி போல நுனியில் ஏதோ மாறியது. மஞ்சள்தான், ஆனால் பழைய மஞ்சள் இல்லை. மத்தியானத்துக்குள் நுனிகளில் நிஜமாகவே பச்சை ஓடியிருந்தது. கண்ணெதிரே நடந்தது. இத்தனை வருஷம் முளைப்பாரி போட்டும் இந்த மாற்றத்தை நான் பார்த்தது கிடையாது, ஆற்றில் விடும் வரைக்கும் அது மஞ்சளாகவே இருக்கும். அத்தை சாப்பாட்டை மேலேயே கொண்டுவந்தார். சாப்பிட்டுக்கொண்டே பார்த்துக்கொண்டிருந்தேன். வெயில் மேற்கே சாய்ந்ததும் தட்டுகளைக் கைப்பிடிச் சுவரோரம் தள்ளினேன். அங்கேயிருந்து நாமக்கல் பஸ் போகிற ரோடு தெரிந்தது. மனசு லேசாகத்தான் இருந்தது.

நான்கு மணிக்கு அத்தை டீயோடு ஏறி வந்தார். செபமாலை ஆயிற்றா என்று கேட்டார்.

மாலை கீழே தலையணைக்கு அடியில் இருந்தது. அன்றைக்கு நான் எண்ணவே இல்லை. டீயை வாங்கிக் கீழே வைத்துவிட்டு, காலையிலிருந்து ஒரு அசைவாவது தெரிந்ததா என்று யோசித்தேன். ராத்திரி புரண்டது ஞாபகம் இருந்தது. காலையில் பல் தேய்த்தபோது உதைத்ததா, இல்லை அது நேற்றா. படியேறும்போது? சாப்பிடும்போது? ஒன்றும் நினைவில் இல்லை. வயிற்றின்மேல் கையை வைத்தேன். சும்மா இருந்தது.

கீழே வந்து இடது பக்கமாகப் படுத்தேன். அத்தை சர்க்கரைத் தண்ணீர் கரைத்துக் கொடுத்தார். வயிற்றைத் தட்டிப் பார்த்தேன், ஒரு பக்கமாக அமுக்கிப் பார்த்தேன். முதல் மணியைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தேன். அரை மணி நேரம் ஆயிற்று. அந்த மணி விரலிலேயே வியர்த்தது. இதை நான் எத்தனையோ தடவை மனசுக்குள் ஒத்திகை பார்த்திருக்கிறேன். அப்படி நடந்தாலும் எழுந்து, முகம் கழுவி, பையை எடுத்துக்கொண்டு போய்விடலாம், ஒன்றும் ஆகாது என்று நம்பியிருந்தேன். அந்த நம்பிக்கையில்தான் ஒன்றரை வருஷம் ஓட்டினேன். ஆனால் பல் கிட்டியது. பயம். நிஜமான பயம். எனக்கு இந்தக் குழந்தை வேண்டும். எட்டு மாதமாக இந்த ஒரு வரியைச் சொல்லிவிடாமல் இருக்கத்தான் நான் வாயை மூடிக்கொண்டிருந்தேன்.

"அத்தை, அசையலீங்க" என்றேன்.

அவர் பதறவில்லை. பக்கத்து வீட்டு வாடகைக் காரை எடுக்கச் சொல்லிவிட்டு, என் கணவருக்குப் போன் போட்டு, நேராகச் சேலத்துக்கு வந்துவிடு என்று மட்டும் சொன்னார். பையை எடுத்துக்கொண்டார், கதவைப் பூட்டினார். செருப்பு மட்டும் மாறிவிட்டது. ஒரு காலில் அவருடையது, இன்னொரு காலில் என்னுடையது. அதை ஆஸ்பத்திரியில்தான் பார்த்தோம். காரில் என் கையைத் தன் மடியில் வைத்து அழுத்திப் பிடித்துக்கொண்டார். ஊர் தாண்டிக் கார் மெயின் ரோட்டில் ஏறியது.

"நேத்து எத்தன மணி தள்ளுன கண்ணு?" என்று கேட்டார்.

நான் திரும்பிப் பார்த்தேன். அவர் ரோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். அரை மணி நேரத்திலேயே பத்தும் வந்துவிட்டது என்றேன்.

"அப்ப நேத்து நல்லாத்தான் இருந்திருக்குது."

அவருக்கு எப்போதிலிருந்து தெரியும் என்று நான் கேட்கவில்லை. டிவியின் சத்தத்தைக் குறைத்ததெல்லாம் எதற்கென்று புரிந்தது. சேலம் வரும் வரைக்கும் அவர் வாய் முணுமுணுத்துக்கொண்டே வந்தது. எனக்கு ஜெபம் வரவில்லை. இரு, இரு, இரு என்று வயிற்றைப் பார்த்துச் சொல்லிக்கொண்டிருந்தேன். அது யாரிடம் சொன்னது என்று இன்றைக்கும் தெரியாது.

பிரசவ வார்டில் படுக்க வைத்து வயிற்றில் பட்டையைக் கட்டினார்கள். நர்ஸ் ஜெல்லைத் தடவி, கருவியை அங்கும் இங்கும் நகர்த்தினாள். கரகர என்று வெறும் இரைச்சல். இடது பக்கம் வைத்தாள், கீழே வைத்தாள். நான் அத்தையின் முகத்தைப் பார்க்காமல் கூரையில் ஃபேனைப் பார்த்தேன். கருவியை இன்னும் கொஞ்சம் சாய்த்தாள். திடீரென்று அறை முழுக்கச் சத்தம் வந்தது. எங்கள் ஊர்ப் பக்கம் விசைத்தறி ஓடுமே, அந்த வேகம், அந்த அடி. டடக்கு டடக்கு என்று நிற்காமல் ஓடியது. தூங்கிக்கொண்டிருந்தது போல, இப்போது எழுந்துவிட்டது என்று நர்ஸ் சொன்னாள். அவள் சொல்லி முடிப்பதற்குள் உள்ளேயிருந்து ஒரு உதை விழுந்தது. பட்டையே மேலே எழும்பியது. நான் அழுதேன். கேவிக் கேவி, மூக்கெல்லாம் ஒழுக, பக்கத்துக் கட்டில்காரர்கள் திரும்பிப் பார்க்க அழுதேன். போன தடவை அழாததையும் சேர்த்து அழுதேன் என்றுதான் நினைக்கிறேன். அத்தை முந்தானையால் துடைத்துக்கொண்டே இருந்தார். நிறுத்தச் சொல்லவில்லை.

அவன் பொங்கல் கழிந்து ஒரு வாரத்தில் பிறந்தான். மூன்று கிலோவுக்குக் கொஞ்சம் குறைவு, அப்பாவின் காது. இப்போது அவன் பள்ளிக்கூடம் போகிறான். இதையெல்லாம் சொல்லாமல் விட்டால் படிக்கிறவர்களுக்குத் தூக்கம் வராது என்பதால் சொல்லிவிட்டேன். ஆனால் அவன் பிறந்த நாளைவிட அந்தத் திங்கட்கிழமை சாயங்காலம்தான் எனக்கு அடிக்கடி நினைவுக்கு வருகிறது.

இரண்டு நாள் வைத்துப் பார்த்துவிட்டு அனுப்புகிறோம் என்று டாக்டரம்மா சொல்லியிருந்தார். அட்மிஷன் போட வேறொரு நர்ஸ் வந்தாள். சின்னப் பெண், புதிதாக வேலைக்கு வந்தவள் போல. அந்த நேரம்தான் என் கணவர் பஸ்ஸிலிருந்து இறங்கி ஓடிவந்து கட்டில் ஓரமாக நின்றார். கைவிரல்களில் சிவப்புப் பெயிண்ட் காயாமல் இருந்தது. எங்கே தொடுவது என்று தெரியாமல் கையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டிருந்தார். நர்ஸ் என் வயதைக் கேட்டாள், ஊரைக் கேட்டாள், ரத்த வகையைக் கேட்டாள். எல்லாவற்றுக்கும் அத்தை பதில் சொன்னார். பிறகு தாளைப் பார்த்தபடியே அடுத்ததைக் கேட்டாள்.

"மொதக் கொழந்தைங்களா?"

"ஆமாங்க" என்றார் என் கணவர். சட்டென்று சொன்னார். எனக்கு நோகக் கூடாது என்று சொன்னார். எட்டு மாதமாகக் கேட்கிறவர்களுக்கெல்லாம் அவர் அப்படித்தான் சொல்லிக்கொண்டிருந்தார். நானும் பேசாமல் இருந்துவிடுவேன். நர்ஸ் எழுதிவிட்டாள்.

"இல்லீங்க" என்றேன். "ரெண்டாவதுங்க. மொதல்ல பொண்ணு."

என் கணவரின் கை அப்படியே நின்றது. அத்தை என்னைப் பார்த்தார். நர்ஸ் முதன்முறையாகத் தாளிலிருந்து தலையைத் தூக்கினாள். புன்னகையோடுதான் கேட்டாள்.

"பொண்ணு ஊட்டுல இருக்குதுங்களா?"

"இல்லீங்க. எட்டாம் மாசம் வயித்துலயே எறந்துருச்சு. ஊட்டுக்கு வரல" என்றேன்.

சொல்லிவிட்டேன். அத்தையைப் பார்த்து, அவள் யார் சாயல் என்று கேட்டேன். கேட்க எனக்கு ஒன்றரை வருஷம் ஆகியிருந்தது.

"உன்ற சாயல்தாஞ் சாமி" என்றார் அத்தை. "நெத்தி அப்படியே உன்ற நெத்தி."

நர்ஸ் எழுதியதை அடித்துவிட்டு, பக்கத்தில் இரண்டு என்று எழுதினாள்.